விலா, மார்பெலும்பை வைத்து விலங்கின் வகுப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

எலும்புக்கூடு கைக்கு வந்ததும் விலாக்களை எண்ணத் தொடங்காதீர்கள். நாய்க்கு 13 ஜோடி, குதிரைக்கு 18 என்பதெல்லாம் சரிதான், ஆனால் பழைய மாதிரியில் ஒன்றிரண்டு உதிர்ந்திருந்தாலே கணக்கு தப்பிவிடும். 10 மடங்கு கை லென்ஸும் நல்ல வெளிச்சமும் போதும்.

படி 1: மார்பெலும்பு இருக்கிறதா?
மீன், பாம்பு, ஆமை மூன்றுக்கும் கிடையாது. தவளைக்கு உண்டு, ஆனால் அதில் வந்து சேர விலாக்கள் இல்லை. தவளையின் முள்ளெலும்பிலிருந்து (முதுகெலும்பின் ஒரு துண்டு) பக்கவாட்டில் நீளும் நீட்சிகளைப் பலர் விலா என்று குறித்துவிடுகிறார்கள். அடியில் மூட்டு தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள். தெரியாவிட்டால் அது நீட்சிதான்.

வேகவைத்துச் சுத்தம் செய்த பல்லி, ஓணான் மாதிரிகளில் கூடுதல் கவனம் தேவை. அவற்றின் மார்பெலும்பு பெரும்பாலும் குருத்தெலும்பு, கொதிநீரில் கரைந்து போயிருக்கும். 'மார்பெலும்பு இல்லை' என்று எழுதுமுன் எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். பல்லி வகைக்கு வேகவைப்பதே வேண்டாம், இறைச்சியுண்ணும் வண்டுகளிடம் விடுவதே மேல். ப்ளீச்சிங் பவுடர் எந்த எலும்புக்கும் ஆகாது, எலும்பையே அரித்துவிடும்.

படி 2: ஆமை
கீழ் ஓடு மார்பெலும்பு அல்ல. அதன் முன் ஜோடித் தட்டுகள் காரை எலும்புகள், அவற்றுக்கு நடுவிலுள்ள ஒற்றைத் தட்டு இடைக்காரை எலும்பு. விலாக்கள் மேல் ஓட்டோடு ஒன்றிவிட்டன. வெளியே தெரியும் கோடுகள் கொம்புப்பொருள் செதில்களின் எல்லைகள், எலும்பு இணைப்புகளோடு அவை பொருந்தாது. ஆகவே ஓட்டைக் கவிழ்த்து உட்புறத்தைப் பாருங்கள். தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு உள்ளே இருப்பது ஆமையில் மட்டும்தான்.

படி 3: விலாவின் தலை
விலாவில் முதுகெலும்போடு சேரும் முனைதான் தலை. பல்லி, பாம்புக்கு ஒரே தலை. முதலை, பறவை, பாலூட்டிக்கு இரண்டு: பொதுவாக ஒன்று முள்ளெலும்பின் உடலோடும் மற்றது பக்க நீட்சியோடும் பொருந்தும். இதற்கு நடு விலாவையே எடுங்கள். மனிதரின் 11, 12ஆம் விலாக்களில் இரண்டாவது மூட்டு இருக்காது, அதைப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள்.

படி 4: மீதி மூன்று
பறவையின் விலாவிலிருந்து பின்னோக்கி எலும்பாலான கொக்கி நீட்சி இருக்கும், மார்பெலும்பு ஒரே தகடு. மார்பெலும்பின் நடுவில் துருத்தும் நடுமுகடு இல்லையென்று பறவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள், நெருப்புக்கோழிக்கும் ஈமுவுக்கும் அது இல்லை. பாலூட்டியில் மார்பெலும்பு துண்டு துண்டாக வரிசையில் நிற்கும், விலாவின் கீழ்ப்பகுதி பொதுவாகக் குருத்தெலும்பு. முதலைக்கும் கொக்கி உண்டு, ஆனால் குருத்தெலும்பு என்பதால் காய்ந்த மாதிரியில் கிடைக்காது. அதன் வயிற்றுத் தசைக்குள் தனியாகக் கிடக்கும் வயிற்று விலாக்களைத் தேடுங்கள், அவை முதுகெலும்போடு சேர்வதில்லை.