சோலார் ஹீட்டர் பேனலைச் சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு மொட்டை மாடி. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் சோலார் வாட்டர் ஹீட்டர் பேனலைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் இருந்த தெர்மாமீட்டர் இரண்டும் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாட்டியவை. பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. கண்ணாடியில் படியும் உப்பைத் துடைப்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

தெர்மாமீட்டர்களை ஒப்பிடாமல் மாட்டுவது

நொடிக்கு ஓடும் தண்ணீரின் எடை, 4186 (ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற வேண்டிய ஜூல்), உள்ளே வரும் நீருக்கும் வெளியே போகும் நீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசம், இம்மூன்றையும் பெருக்கினால் தண்ணீர் வாங்கிய வெப்பம். அதைப் பேனலில் விழுந்த வெயிலால் வகுத்தால் திறன். 2 சதுர மீட்டர் பேனல், நொடிக்கு 0.04 கிலோ தண்ணீர், சதுர மீட்டருக்கு 800 வாட் வெயில் என்று வையுங்கள். 55 சதவீதத் திறன் இருந்தால் தண்ணீர் 5.25 டிகிரிதான் சூடேறும். அதில் 1 டிகிரி பிசகினால் 55 என்பது 65 ஆகிவிடும்.

புதுச்சேரியில் ஒரு விடுதிக்கு நான் அப்படித்தான் 65 என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு தெர்மாமீட்டர் 0.7 கூடக் காட்டியது, மற்றது 0.3 குறைத்துக் காட்டியது. அந்தக் கணக்கை நம்பிப் பேனலைக் குறைத்தோம். மார்கழி விடியலில் குளிக்கப் போனவர்களுக்குப் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. கூடுதல் பேனலுக்குக் கைக்காசு போட்டேன். இன்று நினைத்தாலும் எரிகிறது, ஏனென்றால் தடுக்க ஒரு பக்கெட் வெந்நீர் போதும்.

இரண்டையும் நூலால் சேர்த்துக் கட்டி முக்குங்கள். கலக்கிக்கொண்டே 60, 45, 30 டிகிரியில் எழுதிக்கொள்ளுங்கள். பையன்களுடையதை அப்படி முக்கிப் பார்த்தோம்: 0.6 வித்தியாசம். காலையில் எடுத்த ரீடிங் முழுவதையும் திருத்த உட்கார்ந்தார்கள்.

வெயில் அளக்கும் கருவியைத் தரைமட்டமாக வைப்பது

பைரனோமீட்டர் பேனலின் சாய்விலேயே இருக்க வேண்டும். டிசம்பர் பிற்பகுதியில் இங்கே உச்சிவெயிலும் தெற்கே 35 டிகிரி சாய்ந்துதான் விழும். 22 டிகிரி தெற்கே சாய்த்த பேனலுக்கு நேர்வெயில் தரையைவிட ஏறக்குறைய 19 சதவீதம் கூடுதல். தரைமட்ட ரீடிங்கால் வகுத்தால் திறன் பொய்யாக ஏறும்.

மேகம் வந்தும் ரீடிங் எடுப்பது

எடுக்காதீர்கள்.

பச்சைத் தண்ணீரில் மட்டும் சோதிப்பது

உள்ளே விடும் தண்ணீர் காற்றின் சூட்டிலேயே இருந்தால் மட்டமான பேனலும் நல்ல பெயர் வாங்கிவிடும், வெப்பம் அவ்வளவாக வெளியே கசியாது. 45, 60 டிகிரித் தண்ணீரையும் விட்டுப் பாருங்கள். வெப்பம் கசியாமல் இருக்கப் பேனலின் பின்பக்கம் வைத்த பஞ்சு நனைந்திருந்தால் அங்கேதான் தெரியும்.