வீட்டிலேயே பிரேக் காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட்: வீல் நட்டைக் கழற விட்ட கதையோடு

ஸ்விஃப்டுக்கு அலாய் வீல் மாட்டியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். இரும்பு வீலும் பிளாஸ்டிக் மூடியும் இருந்தவரை உள்ளே இருப்பதை யார் பார்த்தார்கள்? அலாய் வந்ததும் அதன் இடுக்கு வழியாகத் துருவேறிய காலிப்பர் பல்லிளித்தது. பிரேக் மிதித்தால் பேடுகளை அழுத்தி டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பகுதிதான் காலிப்பர், பெரும்பாலும் வார்ப்பிரும்பு. எந்தக் காராக இருந்தாலும் ஒரு மழைக்காலம் போதும், மேலே பழுப்பேறிவிடும். பிரேக் பிடிப்பதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை, கண்ணுக்குத்தான் உறுத்தல். பட்டறையில் சொன்ன கூலியைக் கேட்டுவிட்டு நானே செய்தேன். இரண்டு முறை செய்தேன், முதல் முறை தப்பாக.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் இருக்கிற சாதாரணக் காருக்கான செய்முறை இது.

பவுடர் கோட்டிங் ஏன் வேண்டாம்

கேட் கிரில்லுக்கு அடிப்பதுபோல் காலிப்பருக்கும் அடிக்கலாமே என்று நானும் யோசித்தேன். பவுடர் உருகி இறுக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து இருபது நிமிடம் ஓவனில் இருக்க வேண்டும். காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ரப்பர் சீல் இருக்கிறது, வெளியே தூசி உறை இருக்கிறது. அந்தச் சூட்டில் இரண்டும் போய்விடும். அதனால் பிரேக் ஆயில் வருகிற குழாயான ஹோஸைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, சீல்களை உருவி, வெறும் இரும்பாக்கித்தான் ஓவனில் வைக்க முடியும். திரும்பப் பூட்டும்போது புது சீல் கிட் போட்டு, பிரேக் ஆயில் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். இதற்கு நடுவில் கடைக்காரர் மணல் அடித்துத் துருவை எடுக்கிறேன் என்று பிஸ்டன் ஓடுகிற துளைக்குள் மணலை விட்டால் கதை முடிந்தது. முதல் முறை பிரேக்கில் கை வைக்கிறவர் செய்கிற வேலை இல்லை இது. சமையலறை ஓவனில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதற்குப் பிறகு அந்த ஓவனில் சோறு தண்ணி எதுவும் சூடாக்கக் கூடாது. வீட்டில் அடியும் விழும்.

ஆகவே பெயின்ட்தான். காலிப்பர் காரிலேயே இருக்கட்டும், ஹோஸில் கை வைக்க வேண்டாம்.

எந்த பெயின்ட்

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற சாதாரண எனாமலும் சாதா ஸ்ப்ரேயும் வேண்டாம். மலைப்பாதையில் இறங்கும்போது சூடேறி நிறம் கருகும், கொப்புளம் விடும். காலிப்பருக்கென்றே வருகிற, ஹார்டனர் கலந்து பிரஷால் அடிக்கிற டூ பேக் பெயின்ட் வாங்குங்கள். ஸ்ப்ரே டப்பாவில் வரும் ஹை டெம்பரேச்சர் பெயின்ட்டும் தாங்கும்தான். ஆனால் எனக்கு ஸ்ப்ரே பிடிக்காது. அரை அடி தள்ளி நின்று அடித்தால் காலிப்பரில் பாதி, டிஸ்க்கிலும் ஃபெண்டரிலும் பாதி. காற்று வீசினால் பக்கத்து வீட்டு பைக்கும் சிவப்பாகிவிடும். பிரஷ் சொன்ன இடத்தில் மட்டும் போகும். இந்த பெயின்ட்டில் பிரஷ் கோடுகளும் தானே படிந்து சமமாகிவிடுகின்றன.

இன்னொன்று. காலிப்பர் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் மூடிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. வாங்காதீர்கள். கழன்றால் வீலுக்குள் சிக்கும். பிரெம்போ ஸ்டிக்கரும் வேண்டாம். 1961-ல் இத்தாலியில் பெர்கமோ பக்கம் தொடங்கிய பிரேக் கம்பெனி அது, அவர்கள் பெயரை ஒற்றை பிஸ்டன் காலிப்பரில் ஒட்டினால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தூக்குவதும் கழுவுவதும்

வீல் நட்டை, கார் தரையில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். முன் வீலைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீலுக்குக் கல். பின் வீலைத் தூக்கினால் கியரில் விட்டு, முன் வீலுக்குக் கல். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். கழற்றிய வீலையும் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வீல் மட்டும். வீல் கழன்றதும் டிஸ்க் ஆடினால் இரண்டு நட்டை மாட்டி நிறுத்துங்கள், சில கார்களில் டிஸ்க்கைப் பிடித்திருப்பதே வீல்தான்.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், மூக்குக்கு நல்லதல்ல. முகமூடி போட்டு, ஷாம்பு தண்ணீரால் நனைத்துக் கழுவிக் காய விடுங்கள். பிறகு வயர் பிரஷ். உரிகிற துரு முழுவதும் போக வேண்டும், நிறம் மட்டும் மாறிய இறுகிய இரும்பு பரவாயில்லை. மூலைகளுக்கு எண்பதாம் நம்பர் உப்புத்தாள். டிரில்லில் மாட்டும் வயர் கப் வேகமாக வேலை செய்யும், ஆனால் கண்ணாடி கட்டாயம், கம்பித் துண்டுகள் பறக்கும். ரப்பர் உறைகள் பக்கம் டிரில்லைக் கொண்டு போகவே வேண்டாம். ஒரு கிழிசல் விழுந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் பிஸ்டன் இறுகிவிடும்.

அடுத்து பிரேக் கிளீனர் ஸ்ப்ரே. பெட்ரோலால் துடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தீ பயம் ஒரு பக்கம், அது விட்டுப்போகிற எண்ணெய்ப் பசையில் பெயின்ட் பிடிக்காது என்பது இன்னொரு பக்கம். கிளீனர் அடித்து, துடைத்து, மறுபடி அடியுங்கள். வழிகிற நீர் கறுப்பில்லாமல் வரும்வரை. மெக்கானிக் கடைகளில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட் வேண்டாம், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். நூல் விடாத பழைய வேட்டித் துணி நல்லது. இதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள்.

எங்கே அடிக்கக் கூடாது

என்னை மாட்டிவிட்ட இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் முறை முன் காலிப்பரை ஒழுங்காக முடித்துவிட்டு, அந்த உற்சாகத்தில் பின் டிரம்முக்குக் கறுப்பு அடித்தேன். முகம் முழுக்க, மூன்று கோட், கண்ணாடிபோல். வீலை மாட்டி, நட்டை நன்றாக முறுக்கினேன். நான்காம் நாள் சேலம் ரோட்டில் பின்பக்கம் கடகடவென்று சத்தம். ஓரம்கட்டிப் பார்த்தால் இரண்டு நட்டு கையாலேயே சுற்றுகிறது. அன்று பைபாஸில் வேகமாகப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

நாமக்கல்லில் லாரி பெயின்டருக்கா பஞ்சம்? தெருவில் இருக்கிற பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "நட்டு உக்கார்ற எடத்துலயும் வீலு படியற எடத்துலயும் பெயின்ட் இருக்கக் கூடாதுங்க தம்பி. பெயின்ட் நசுங்கும், நட்டு லூசாகும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். வீலும் டிரம்மும் உலோகத்தோடு உலோகமாக அழுந்தி நிற்க வேண்டும். நடுவில் மூன்று கோட் பெயின்ட் இருந்தால் ஓட்டத்தில் சூட்டோடு சேர்ந்து அது நசுங்கி மெலியும். மெலிந்த அளவுக்கு நட்டின் இறுக்கம் போய்விடும். நான் எவ்வளவு முறுக்கினேன் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வீலைக் கழற்றியதும் டிரம் முகத்தைப் பாருங்கள், வீல் படிந்த தடம் வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் முழுவதும் மாஸ்கிங் டேப். நடுவில் வீலின் துளை உட்காரும் விளிம்புக்கும் டேப். வெளியே தெரிகிற சுற்றுப்பகுதிக்கு மட்டும் பெயின்ட்.

முன்பக்கத்திலும் இதே புத்திதான். பேடின் காதுகள் வழுக்கி நகர்கிற இடம் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் இருக்கிறது. அங்கே பெயின்ட் போனால் பேட் இறுகி நிற்கும், பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வீல் சூடாகும், மைலேஜ் குறையும். காலிப்பர் வழுக்குகிற கைடு பின்கள், அவற்றின் ரப்பர், பிஸ்டன் ரப்பர், ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எல்லாவற்றுக்கும் டேப். காற்றெடுக்கிற சிறு முனையான பிளீடர் நிப்பிளின் ரப்பர் தொப்பி காணாமல் போயிருந்தால் முனையை டேப்பால் மூடுங்கள், அடைத்துக்கொண்டால் பிற்பாடு காற்றெடுக்கும்போது திட்டு வாங்குவீர்கள். டிஸ்க் முகத்துக்குச் செய்தித்தாள் சுற்றுங்கள். பேடில் ஒரு சொட்டும் விழக் கூடாது.

அடிப்பது

இது எளிது. ஹார்டனரைக் கலந்தால் டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சம் கல்லாகிவிடும். அரை அங்குல பிரஷ். முதல் கோட் மெலிசாக, துரு நிறம் தெரிந்தாலும் விடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி விட்டு இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. கீழ் விளிம்பில் வழிந்து தொங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். கடைசிக் கோட் முழுதாகக் காய்வதற்கு முன்பே டேப்பை உரியுங்கள், காய்ந்த பிறகு உரித்தால் விளிம்போடு பெயர்ந்து வரும்.

ஒரு இரவு காய்ந்ததும் வீல். நட்டை எதிரெதிராக முறுக்கி, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள், நான் இப்போது விடுவதே இல்லை. கிளம்புவதற்கு முன் பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். காலிப்பரை அசைத்திருந்தால் முதல் மிதி தரைவரை போகும், ரோட்டில் அது தெரிய வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்துக் கொல்லிமலைக்குப் போய் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் இறங்கி வந்தேன். அடிவாரத்தில் லேசாகப் புது பெயின்ட் வாசனை வந்தது, அப்புறம் இல்லை. நிறம் அப்படியே இருக்கிறது.

பிறகு சேர்த்தது

நான்கு வீலிலும் டிஸ்க் உள்ளவர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். காலிப்பரைக் கழற்றாமல் அடித்தால் இதே முறைதான். பின் காலிப்பரில் பட்டன் ஹேண்ட் பிரேக்கின் மோட்டார் உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒயருக்கும் டேப் போடுங்கள். பேட் மாற்றுகிற சாக்கில் பிஸ்டனைத் தள்ளிப் பார்க்க வேண்டாம், அதற்கு முதலில் சர்வீஸ் மோடில் போட வேண்டும்.

இன்னொரு ஏமாற்றம். சர்வீஸில் பிரேக் ஆயில் மாற்றியபோது இடது காலிப்பரில் கொஞ்சம் வழிந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் பெயின்ட்டைத் தின்னும். மாலையில் பார்த்தால் நிப்பிளுக்குக் கீழே தோல் உரிந்ததுபோல் சுருண்டு கிடந்தது. உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் தப்பித்திருக்கும். அடுத்த முறை பக்கத்திலேயே ஒரு பக்கெட் தண்ணீரோடு நிற்கிறேன் என்று மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.