கடலில் எண்ணெய் எடுக்கும் திட்டத்தை எதிர்ப்பது எப்படி?

கடலடியில் எண்ணெய் எடுக்கும் திட்டம் படிப்படியாகவே வளர்கிறது. அரசு கடற்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஏலம் விடுகிறது. உரிமம் பெற்ற நிறுவனம், ஒலி அலைகளைக் கடலடிக்கு அனுப்பி எண்ணெய் இருக்கும் இடத்தைத் தேடும் நில அதிர்வு ஆய்வு நடத்துகிறது. அதன்பின் ஆய்வுக் கிணறும், எண்ணெய் கிடைத்தால் உற்பத்தியும் வருகின்றன. துளையிடும் மேடை கண்ணுக்குத் தெரிந்தபின் திரளும் கூட்டத்தைவிட, ஏல அறிவிப்பு வந்த வாரத்திலேயே கொடுக்கப்படும் எதிர்ப்பு மனுவுக்கு வலு அதிகம் என்பதே என் கருத்து. நிறுவனத்தின் முதலீடு கடலில் இறங்கி, அரசும் வரப்போகும் வருவாயைக் கணக்கில் எழுதிவிட்டால், பின்வாங்க இருவருக்குமே மனம் வராது.

எனவே திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்த அலுவலகம் முடிவெடுக்கிறது, கருத்துத் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்பவற்றை முதலில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்து, மக்களிடம் கருத்துக் கேட்ட விதத்தை ஆராயுங்கள். தென்னாப்பிரிக்காவின் வைல்ட் கோஸ்ட் கரையில் ஷெல் நிறுவனத்தின் நில அதிர்வு ஆய்வை, 2021 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. நிறுவனம் ஊர்த் தலைவர்களிடம் மட்டும் பேசியிருந்தது. கோசா மொழி பேசும் மக்களுக்கான அறிவிப்பு ஆங்கில, ஆப்பிரிக்கான்ஸ் நாளிதழ்களில் வந்திருந்தது. 2022 செப்டம்பரில் அந்த ஆய்வு உரிமமே செல்லாது என்று தீர்ப்பானது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், கடலோடு தங்களுக்குள்ள வாழ்வுரிமையையும் வழிபாட்டு உறவையும் அந்த மக்கள் சான்றாக முன்வைத்து வென்றதை எந்தக் கரையினரும் கற்றுக்கொள்ளலாம். அறிவிப்பு எந்த மொழியில், எங்கே, எத்தனை நாள் முன்பு வந்தது என்பதைப் படத்துடன் பதிவு செய்து வையுங்கள்.

நிறுவனம் அளிக்கும் சுற்றுச்சூழல் அறிக்கையையும் எண்ணெய்க் கசிவுத் திட்டத்தையும் வரிவரியாகப் படியுங்கள். மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தனர். 87 நாட்கள் எண்ணெய் வழிந்தது. அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பான பிபி நிறுவனம் அதற்கு முன்பே கொடுத்திருந்த கசிவுத் திட்டத்தில், அந்த வெப்பக் கடலில் வாழாத வால்ரஸ் காக்கப்பட வேண்டிய உயிரினமாகக் குறிக்கப்பட்டிருந்தது. வேறெங்கோ எழுதியதை அப்படியே ஒட்டிய இத்தகைய பகுதியைச் சுட்டிக்காட்டினால், ஒப்புதல் தரும் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். மீன் முட்டையிடும் மாதங்கள், நீரோட்டத்தின் திசை, வலை விரிக்கும் இடங்கள் ஆகியவற்றை மீனவர்களிடம் கேட்டு வரைபடமாக்கி, அறிக்கையின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இதற்கு நேரம் பிடிக்கும். ஆனாலும் மனுவின் உயிர் இதில்தான் இருக்கிறது.

அரசியல் பக்கத்தில் வாக்குறுதியோடு நின்றுவிடாதீர்கள். அமெரிக்காவில் 1990-ல் ஒரு குடியரசுத் தலைவர் ஆணையால் விதித்த கடல் துரப்பணத் தடையை, 2008-ல் இன்னொருவர் ஆணையாலேயே நீக்கினார். சட்டமும் மாறக்கூடியதே: நியூசிலாந்து 2018-ல் புதிய ஆய்வு உரிமங்களுக்கு விதித்த தடை 2025-ல் விலக்கப்பட்டது. இருப்பினும் சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதித்து வாக்களிக்க வேண்டியிருப்பதால், எதிர்ப்போருக்கு அவகாசம் கிடைக்கிறது. மத்திய அமெரிக்க நாடான பெலிசில் 2012-ல் மக்களே நடத்திய வாக்கெடுப்புக்குப் பின், 2017-ல் அந்நாட்டுக் கடல் முழுவதற்கும் சட்டத்தால் தடை வந்தது. ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும், தடைச் சட்டத்துக்கு வாக்களிப்பீர்களா என்று கேட்டு, பதிலைக் கையொப்பத்துடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.