லாச்சியில் உள்ள பணத்தில் உங்களுடையது எவ்வளவு? கொழும்பின் சிறு வியாபாரிகளுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

புறக்கோட்டையில் சரக்கெடுத்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடை நடத்துபவர்கள், எந்தப் புடவை தைப்பொங்கலுக்குப் போகும், எது தீபாவளி வரை தேங்கும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால், லாச்சியில் இருக்கும் பணத்தில் தமக்குரியது எவ்வளவு என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். நன்றாக விற்கும் கடையும் நொடித்துப்போவதற்கு அந்தத் தயக்கமே போதும் என்பதால், அதைத்தான் முதலில் போக்க வேண்டும்.

கடைக்கெனத் தனி வங்கிக் கணக்கொன்றைத் திறந்து, உங்களுக்கும் ஒரு மாதச் சம்பளத்தை நிர்ணயித்து, பிள்ளையின் வகுப்புக் கட்டணம் முதல் வீட்டு மின்கட்டணம் வரை அனைத்தையும் அச்சம்பளத்திலிருந்தே செலுத்துங்கள். பணியாளருக்கு 40,000 ரூபாய் சம்பளம் என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் சேர்த்து, உங்கள் செலவு 46,000 ரூபாய் என்றே எழுதுங்கள்.

அடுத்தது விலை. 4,000 ரூபாய்க்கு வாங்கிய புடவையை 5,000 ரூபாய்க்கு விற்பவர் 25 சதவீத இலாபம் என்பார். விற்ற விலையில் அது 20 சதவீதம்தான். பண்டிகைக்கு 10 சதவீதம் கழிவு கொடுத்தால் விலை 4,500 ஆகி, இலாபம் 1,000 ரூபாயிலிருந்து 500 ரூபாயாகப் பாதியாகிவிடும். அதே இலாபத்தை எட்ட இரு மடங்கு புடவைகள் விற்க வேண்டும். கழிவுப் பலகையை எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

கடன் கொப்பியையும் கொடுத்த காசோலைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மொத்த வியாபாரிக்கு 30 நாளில் மாறும் காசோலையைக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளருக்கு 60 நாள் தவணை கொடுத்தால், இடைப்பட்ட 30 நாளை எதைக் கொண்டு நிரப்புவது? அங்கேதான் நாளுக்கு நாள் ஏறும் கடும் வட்டிக்குக் கடன் கொடுக்கும் மீற்றர் வட்டிக்காரர் நுழைகிறார்.

கடன் வாங்கும்போது வட்டி எந்தத் தொகைக்குக் கணக்கிடப்படுகிறது என்று கட்டாயம் கேளுங்கள். 100,000 ரூபாயை ஓராண்டுக்கு 12 சதவீத நிலையான முறையில் வாங்கினால், மாதம் ஏறத்தாழ 9,333 ரூபாய் கட்டுவீர்கள். வாங்கிய கடன்தொகை மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்படுவதால், குறைந்து செல்லும் மீதியின்படி பார்த்தால் அது 21 சதவீதத்தையும் தாண்டும். வட்டி மாறக்கூடியதா என்பதையும் விசாரியுங்கள். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதை மறக்க முடியுமா? வங்கிக்குச் செல்லுமுன், கொடுகடன் தகவல் பணியகத்தில் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் (CRIB) அறிக்கையைப் பெற்று, அதில் தவறேதும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதந்தோறும் போயா நாளில் ஒரு மணிநேரம் ஒதுக்கி, கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த போயாவில் அதே பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் புதிய கணக்கை எழுதினால், எது கூடியது, எது குறைந்தது என்பது உடனே கண்ணில் படும்.