ஷூவுக்கு முன்னால் பாதத்தைப் பாருங்கள்

கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஆறு வருடமாக விடிகாலையில் அங்கே ஓடுகிறேன். முதல் ஷூவை நிறம் பார்த்துத்தான் வாங்கினேன். ஏரிக்கரையில் ஒன்றும் தெரியவில்லை. ஏழு ரோடு சந்திப்பிலிருந்து சரிவில் இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடித்து இடித்து, ஒரே மாதத்தில் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன.

முதலில் பாதத்தை நனைத்து, பழுப்புக் காகிதத்தின் மேல் நின்று பாருங்கள். (மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சிமென்ட் தரையே ஈரமாகக் கிடக்கும், அதில் தடம் தெரியாது.) நடுப்பாதம் பாதி அகலம் பதிந்தால் சாதாரண வளைவு. முழுதும் பதிந்தால் தட்டைப் பாதம். மெல்லிய கோடாகப் பதிந்தாலோ, பதியாமலே போனாலோ உயர்ந்த வளைவு.

என்னுடையது தட்டை. இப்படிப்பட்ட பாதம் பலருக்கு ஓடும்போது உட்பக்கம் அதிகம் சாயும், எல்லோருக்கும் அல்ல. பழைய ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். சோலின் உள்விளிம்பு தேய்ந்திருந்தால், உட்பக்கம் கெட்டியாகத் தாங்கும் ‘ஸ்டெபிலிட்டி’ ரகத்தைப் போட்டுப் பார்க்கலாம். குதிகாலின் வெளியோரம் கொஞ்சம் தேய்வது பெரும்பாலோருக்கு உள்ளதுதான். உயர்ந்த வளைவு உள்ளவர்களுக்கு மெத்தென்ற சோல் பெரும்பாலும் இதமாக இருக்கும்.

ஆனால் தடத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூ கொடுத்துப் பார்த்தார்கள்; காயங்கள் குறையவில்லை. போட்டு ஓடும்போது காலுக்குச் சுகமாக இருக்கிறதா என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு மாலையில் கடைக்குப் போங்கள். காலைக் குளிரில் கச்சிதமாக இருக்கும் ஷூ, ஓடிச் சூடேறியதும் இறுக்கிப் பிடிக்கும். நான் மதுரைக்குப் போய்த்தான் வாங்குவேன். பஸ்ஸில் பல மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, வெயிலிலும் நடந்த பிறகு பாதம் நன்றாக வீங்கியிருக்கும், அளவு பார்க்க அதுதான் சரியான நேரம். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஒரு கால் பெரிதாக இருந்தால் அதற்கே அளவு எடுங்கள்.

அப்புறம், மலைக்காரர்களுக்கு முக்கியமானது: நாடாவைக் கணுக்கால் பக்கமுள்ள கடைசி ஓட்டை வரை கோத்து இறுக்கி, கடையில் படியிருந்தால் வேகமாக இறங்கிப் பாருங்கள். குதிகால் வழுக்கினால் வேறு மாடல் கேளுங்கள். விரல் இடித்தால் அரை அளவு கூட்டிக் கேளுங்கள்.