களிமண் வளவில் என்ன பழமரம் வைக்கலாம்?

கொழும்பில் கடலோரமாக இருப்பவர்களுக்கு மணல்தான் பிரச்சினை. கொலன்னாவை, ராஜகிரிய பக்கம் போனால் மண்வெட்டியை விட்டு இறங்காத களி. பழைய வயலும் சதுப்பும் அங்கே நிறைய. களியில் சத்துக்குக் குறைவில்லை. ஆனால் வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊரில், அந்தத் தண்ணீர் கீழே இறங்காமல் நின்றால் வேருக்குக் காற்றில்லை, அழுகிவிடும். அதனால் முதலில் மண்ணைப் பாருங்கள், கன்று வாங்கப் பிறகு போகலாம்.

1. மண்ணைச் சோதியுங்கள்

ஈரமான மண்ணை ஒரு பிடி எடுத்துக் கையில் உருட்டுங்கள். பென்சில் தடிப்பில் திரித்து வளையமாக வளைத்தும் வெடிக்கவில்லையென்றால், அது கனத்த களி.

அப்புறம் அலவாங்கால் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் மரத் தெரிவை மிகக் கவனமாகச் செய்யவேண்டும்.

2. மரத்தைத் தெரிவுசெய்யுங்கள்

தண்ணீர் மெதுவாக இறங்கும் இடத்துக்கு என் முதல் தெரிவு ஜம்பு. ஈரக்களியை அது நன்றாகவே தாங்கும். அடுத்தது கொய்யா: சில நாட்கள் தண்ணீர் நின்றாலும் சமாளிக்கும், வெட்டி விட்டால் சின்ன வளவிலும் அடங்கும். வெரளிக்காயும் ஈரவலய மரம்தான், ஆனால் பெரிதாக வளரும்.

ரம்புட்டானுக்குக் களி கலந்த மண் ஒத்துவரும். களனி ஆற்றோரத்து மல்வானை ரம்புட்டானைத் தெரியாதவர் யார்? ஆனால் நீர் தேங்கக்கூடாது. விதைக்கன்று ஆண் மரமாகப் போய்க் காய்க்காமலே நிற்கலாம் என்பதால் ஒட்டுக்கன்றே வாங்குங்கள். மங்குஸ்தானும் களியில் வரும், பழம் பார்க்கப் பத்து வருடமளவு பொறுமை வேண்டும். வாழைக்குச் சத்துள்ள களி பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது.

பப்பாசி, பட்டர் புரூட் (அவகாடோ), கொடித்தோடை மூன்றையும் இந்த மண்ணில் நேரடியாக நடாதீர்கள். பப்பாசி இரண்டு நாள் நீரில் நின்றாலே சாய்ந்துவிடும். மற்ற இரண்டும் வேரழுகலில் போகும். பலாவுக்கும் நீர் தேங்காத மேட்டு நிலம்தான் சரி. மாமரம் களியை ஓரளவு தாங்கும், ஆனால் கொழும்பில் பூக்கிற நேரம் மழை பெய்தால் பூ கருகிக் கொட்டும்.

3. மேடு கட்டுங்கள்

களியில் ஆழக் குழி தோண்டி அதற்குள் உரமண் நிரப்புவதுதான் பலரும் செய்வது. மழைக்கு அது நீர்த்தொட்டியாகிவிடும். மேலே கட்டுவதே நல்லது. ஒன்றரை அடி உயரம், நான்கைந்து அடி அகலத்தில், வளவு மண்ணோடு கொம்போஸ்ட், இலைச்சருகு, தென்னந் தும்புத்தூள் கலந்து மேடு போடுங்கள். அடி மண்ணைத் தோட்ட முட்கரண்டியால் கொத்தி, மேட்டு மண்ணோடு பிணையவிடுங்கள். கொஞ்சம் மணல் போட்டால் களி இளகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காய்ந்ததும் இன்னும் இறுகும்.

இந்த வேலைக்கு மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி நல்லது. ஈரக்களியை மிதித்துக் கொத்தினால் கட்டியாகிவிடும். ஏப்ரல் மழை தொடங்கும்போது மேடு படிந்திருக்கும்.

4. நடுங்கள்

பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் கன்றை வையுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும். சுற்றிவர இலைச்சருகு மூன்று அங்குலம் போட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். மழையில்லாத நாட்களில் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். களியின் மேல்தோல் வெடித்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கலாம்.