மலையகத்திலிருந்து இன்லைன் ஸ்கேட்டிங் மரதனுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே வரிசையில் சில்லுகள் பூட்டிய சப்பாத்தில் ஓடும் இன்லைன் ஸ்கேட்டிங் மரதனுக்கும் தூரம் அதே 42.195 கிலோமீற்றர்தான். முன்னணி வீரர்கள் அதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். ஒழுங்காகப் பயிற்சி எடுத்த அமெச்சூர் ஒருவருக்கு ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பெர்லின் போன்ற பெரிய போட்டிகளின் பாதை கிட்டத்தட்ட முழுவதும் சமதரை. நுவரெலியாவிலோ ஹற்றனிலோ பண்டாரவளையிலோ இருந்து தயாராகிறவர்களுக்கு வாசலில் இருப்பதோ மலைப்பாதை. அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த வித்தியாசத்தை மறப்பதால் வருகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, இறக்கத்தில் ஓடி வேகம் பழக நினைப்பது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறவர் குதிக்கால் பிரேக்கை (சப்பாத்தின் பின்னால் உள்ள ரப்பர் கட்டையை) நன்றாக அழுத்தினால் சமதரையில் ஏறத்தாழ 17 மீற்றரில் நிற்கலாம். நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் சரியும் பாதையில், அதே அழுத்தத்துக்கு 25 மீற்றர் வேண்டும். வேகம் 40 ஆனால் 44 மீற்றர். ரம்பொடைப் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிவதே அரிது. வளைவுக்கு அப்பால் பஸ் வருகிறதா, கொழுந்து லொறி நிற்கிறதா என்பது கிட்டப் போனால்தான் தெரியும். நீண்ட இறக்கத்தில் பிரேக் ரப்பரும் சூடாகித் தேய்ந்துபோகும். இத்தனை ஆபத்துக்கும் பலன் ஒன்றுமில்லை: இறக்கத்தில் கால்கள் தள்ளுவதில்லை, சும்மா நிற்கின்றன.

ஏறுவது அப்படியல்ல, அது அருமையான பயிற்சி. வாகனம் குறைந்த, தார் நன்றாக உள்ள தோட்டப் பாதையில் மெல்லிய ஏற்றம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். ஒன்று அல்லது இரண்டு நிமிடம் ஏறுங்கள். பிறகு ஸ்கேட்டைக் கழற்றி, பையில் கொண்டுபோன செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து இறங்குங்கள். இப்படி ஆறு முதல் எட்டு முறை. கழற்றி மாட்ட அலுப்பாக இருக்கிறதென்று ஒரேயொரு தடவை உருண்டு இறங்கப் பார்ப்பதில்தான் கை முறிகிறது.

ஏற்றம் மட்டும் போதாது. 10 கிலோமீற்றர் ஓடிப் பழகியவர் 42ஐயும் சமாளிக்கலாம் என்று நம்புவது அடுத்த தவறு. மூச்சு தாங்கும், இடுப்பும் கணுக்காலும் தாங்காது. 25 கிலோமீற்றருக்குப் பிறகு குனிந்த நிலை தானாக நிமிரும், கணுக்கால் உள்ளே சாயும், தள்ளல் குறுகும். வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே 30, 35 கிலோமீற்றரை எட்டிவிட வேண்டும். அதற்குச் சமதரையைத் தேடித்தான் போகவேண்டும். நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரையில் தளம் நன்றாக உள்ள பகுதி அதிகாலையில், ஆட்களும் குதிரைகளும் வருமுன் உதவும். அனுமதி கிடைத்தால் பாடசாலையின் கொங்கிரீட் வலைப்பந்துத் திடலும் போதும். ஒரே பக்கமாகச் சுற்றாதீர்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். இடமே இல்லாத நாட்களில் வழுக்கும் பலகை ஒன்றின் மேல் காலுறையுடன் பக்கவாட்டில் தள்ளிப் பழகலாம். முழங்கால் நன்றாக மடங்கியிருக்க வேண்டும்.

வீரர்களின் காலில் பார்த்துவிட்டு 125 மில்லிமீற்றர் சில்லு வாங்குவது காசையும் கணுக்காலையும் சேர்த்துக் கெடுக்கும். சில்லு பெரிதானால் பாதம் தரையிலிருந்து உயரும், கணுக்கால் சாய்வதும் கூடும். முதல் மரதனுக்கு 90 அல்லது 100 மில்லிமீற்றரில் நான்கு, அல்லது 110இல் மூன்று போதும். சப்பாத்து, நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட்டு, முழங்கால் மடிக்கும்போது விலக வேண்டும். புதுச் சப்பாத்தைப் போட்டி நாளில் முதன்முதலாகப் போட்டால் கணுக்கால் எலும்பில் கொப்புளம் நிச்சயம்.

தனியாகவே பழகிவிட்டுப் போவதை மலையகத்தில் அதிகம் காண்கிறோம். கூட ஓட ஆள் கிடைக்காததுதான் காரணம். ஆனால் சமதரையில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்கேட்டரைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுத்தான். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு மீற்றருக்குள் ஒட்டிக்கொண்டால் உழைப்பு வெகுவாகக் குறையும். அப்படிப் போவதற்கு அவர் வலது காலைத் தள்ளும்போது நீங்களும் வலது காலைத்தான் தள்ள வேண்டும். தாளம் மாறினால் உங்கள் முன் சில்லு அவருடைய பின் சில்லில் மாட்டும், பின்னால் வருகிற பத்துப் பேரும் விழுவார்கள். வரிசைக்குள் பிரேக் போடக் கூடாது. கிட்டே வந்துவிட்டால் நிமிர்ந்து நெஞ்சில் காற்றை வாங்குங்கள், அல்லது முன்னவரின் இடுப்பில் கையை மெதுவாக வையுங்கள். முன்னால் இருப்பவர் ஒதுங்கும்போது வேகத்தைத் திடீரெனக் குறைக்காமல் பக்கவாட்டில் விலகி, வரிசையின் கடைசிக்கு வர வேண்டும். குழி, வீதியிலுள்ள இரும்பு மூடி, தண்ணீர் எதுவானாலும் சத்தமாகச் சொல்லிக் கையால் காட்டுங்கள். இரண்டு பேர் இருந்தாலே இத்தனையையும் பழகிவிடலாம்.

காலநிலையை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பெர்லின் போட்டி செப்டெம்பர் கடைசியில், ஓட்டக்காரர்களின் மரதனுக்கு முதல் நாள் நடக்கிறது. அதற்குத் தயாராகும் மாதங்களில் ஹற்றன், நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை. அதே நேரம் ஊவாவில் தேயிலைக்கு மணம் ஏற்றும் வறண்ட காற்று வீசும். ஆகவே நீண்ட ஓட்டங்களை வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. மழையில் ஓடியே ஆகவேண்டுமென்றால் பாதத்தை உடலுக்கு அடியிலேயே வைத்துக் குறுகலாகத் தள்ளுங்கள். வீதியின் வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும்தான் முதலில் வழுக்கும்.

சில்லைச் சுழல வைக்கும், உள்ளே குண்டுகள் உள்ள பேரிங் வளையத்தை நனைந்தபடியே விட்டால் மறுநாளே துரு பிடிக்கும். அன்றைக்கே கழற்றி, பேரிங்கின் பக்க மூடியை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு விடுங்கள். மாட்டும்போது இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இருக்கும் ஸ்பேசர் என்ற சிறு குழாயை மறந்தால், ஆணியை இறுக்கியதும் சில்லு சுழலாது.

குளிரில் பழகிய உடம்பு, கொழும்பிலோ சென்னையிலோ 30 பாகைக்கு மேல் தடுமாறும். வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். முடிந்தால் முன்கூட்டியே இறங்கிப் போய்த் தங்குங்கள். வேகத்தில் கோப்பை வாங்கிக் குடிப்பது கஷ்டம் என்பதால், ஜீவனி (உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்த போத்தல் ஒன்றை இடுப்புப் பட்டியில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வாழைப்பழம் அளவு மாச்சத்து வேண்டும். அதையும் பயிற்சியிலேயே தின்று பாருங்கள்.

பதிவு செய்யும்போது உங்கள் நேரத்தை உள்ளதைவிட வேகமாகச் சொல்லாதீர்கள். நேரத்தை வைத்துத்தான் புறப்படும் குழுவைப் பிரிப்பார்கள். வேகமான குழுவில் மாட்டிக்கொண்டால் முதல் கிலோமீற்றர்களிலேயே கால் எரிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் முடிக்க நினைத்தால் ஒவ்வொரு 5 கிலோமீற்றருக்கும் 14 நிமிடம் 13 செக்கன், ஒன்றே முக்கால் மணி நேரமென்றால் 12 நிமிடம் 26 செக்கன். முதல் 5 கிலோமீற்றர் இதைவிட அரை நிமிடம் முந்தினாலும் உடனே வேகத்தைக் குறையுங்கள்.